ஃபெஸ்டினேட் (ஆங்கிலச் சொல்)

ஃபெஸ்டினேட் என்பது 'விரைதல்', 'அவசரப்படுதல்', 'விரைவுபடுத்துதல்' ஆகிய பொருள்களைக் கொண்ட ஆங்கிலச் சொல் ஆகும். லத்தீன் மொழியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்த சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று பொதுவழக்கில் இச்சொல் அநேகமாக மறைந்துவிட்டது. நாளிதழ்களிலும் கடிதங்களிலும் அன்றாடப் பேச்சிலும் இதைக் காண்பது அரிது. எனினும் மருத்துவத் துறையில் மட்டும் இது உயிரோடு இருக்கிறது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் காணப்படும் ஒருவகை நடையை மருத்துவர்கள் இன்றும் இச்சொல்லின் வடிவம் ஒன்றாலேயே குறிக்கின்றனர். எல்லா இடத்திலும் வழக்கொழிந்த ஒரு சொல் இந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் நிலைத்தது என்பதற்கான விடை, அச்சொல்லின் பழைய பொருளிலேயே அடங்கியுள்ளது.

சொல்லின் பிறப்பு

லத்தீன் மொழியில் 'ஃபெஸ்டினாரே' என்ற வினைச்சொல்லுக்கு விரைதல் என்று பொருள். விரைவானது, அவசரமானது என்னும் பொருளுடைய 'ஃபெஸ்டினுஸ்' என்ற சொல்லும் இதன் உறவே. இவற்றின் வழியாகவே ஆங்கிலச் சொல் அமைந்தது. ஸ்பானிய மொழியிலும் 'ஃபெஸ்டினார்' என்ற வினைச்சொல் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஒன்றை அவசர அவசரமாகச் செய்து முடிப்பதைக் குறிக்க அது பயன்படுகிறது.

ஆங்கிலம் பயில்வோர் இச்சொல்லை முதன்முதலில் காணும்போது 'ஃபெஸ்டிவல்' (திருவிழா) என்ற சொல்லோடு தொடர்புபடுத்திக்கொள்வது இயல்பு. 'திருவிழா கொண்டாடுதல்' என்று பொருள் ஊகிப்பதும் உண்டு. அது தவறு. திருவிழாவைக் குறிக்கும் சொல் விழா நாள் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் இடையே ஒலி ஒற்றுமை உண்டு. பொருள் உறவு இல்லை.

காட்டோ கூறிய வேறுபாடு

பண்டைய ரோமானியர்கள் விரைவைக் குறிக்க ஒரே சொல்லை மட்டும் பயன்படுத்தவில்லை. 'ஃபெஸ்டினாரே' போலவே 'ப்ராபெராரே' என்ற சொல்லும் அவர்களிடம் வழங்கியது. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் கருதினர். ஆனால் ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான மூத்த காட்டோ (கி.மு. 234 – 149) இவற்றுக்கிடையே தெளிவான வேறுபாடு கண்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஔலுஸ் கெல்லியுஸ் என்ற எழுத்தாளர் தம் 'அட்டிக் இரவுகள்' என்ற நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்.

காட்டோவின் கருத்துச் சுருக்கம் இதுதான்: எடுத்த காரியம் ஒவ்வொன்றையும் உரிய காலத்தில் முடிப்பவர் செய்வது 'ப்ராபெராரே'. பல காரியங்களை ஒரே நேரத்தில் தொடங்கி, எதையும் முடிக்காமல் அல்லாடுபவர் செய்வது 'ஃபெஸ்டினாரே'.

முதலாமவரிடம் விரைவும் இருக்கிறது, பலனும் இருக்கிறது. இரண்டாமவரிடம் பரபரப்பு இருக்கிறது, பலன் இல்லை. தமிழில் 'விரைவு' என்பதற்கும் 'பதற்றம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டோடு இதை ஒப்பிடலாம். லத்தீன் எழுத்தாளர்கள் எல்லோரும் காட்டோவின் இந்த வரையறையைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. எனினும், போய்ச் சேராத வேகம் என்ற சாயல் இச்சொல்லுக்கு மிகத் தொன்மையிலேயே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

'மெதுவாக விரை' என்ற முதுமொழி

இச்சொல்லின் பெயரை உலகறியச் செய்தது 'ஃபெஸ்டினா லெந்தே' என்ற லத்தீன் தொடராகும். 'மெதுவாக விரை' என்பது இதன் பொருள். ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் (கி.மு. 63 – கி.பி. 14) இக்கருத்தைக் கிரேக்க மொழியில் அடிக்கடி கூறுவார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சூட்டோனியுஸ் குறிப்பிடுகிறார். படைத்தலைவர் ஒருவருக்கு அவசரபுத்தியைப் போலப் பொருந்தாத குணம் வேறில்லை என்பது அகஸ்டஸின் எண்ணம். 'பதறாத காரியம் சிதறாது' என்ற தமிழ்ப் பழமொழி சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியில் இத்தொடர் புத்துயிர் பெற்றது. வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டுஸ் மனூட்டியுஸ் (இறப்பு: 1515) ஒரு நங்கூரத்தைச் சுற்றி டால்பின் மீன் வளைந்திருக்கும் படத்தைத் தம் அச்சக முத்திரையாகக் கொண்டார். டால்பின் வேகத்தையும் நங்கூரம் நிதானத்தையும் குறித்தன. இப்படம் பழைய ரோமானிய நாணயம் ஒன்றில் இருந்தது. 1508இல் ஆல்டுஸ் அச்சகத்தில் வெளிவந்த தம் முதுமொழித் தொகுப்பில் அறிஞர் எராஸ்மஸ் இத்தொடரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட முதலாம் கோசிமோ தெ மெடிச்சி, முதுகில் பாய் விரித்த ஆமையை இதே கருத்துக்குரிய சின்னமாகக் கொண்டார். ஃபுளோரன்ஸின் வெக்கியோ அரண்மனையில் அந்த ஆமை உருவங்களை இன்றும் காணலாம்.

ஆங்கிலத்தில் நுழைந்த விதம்

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர்கள் லத்தீன், கிரேக்க நூல்களை ஆர்வத்துடன் பயின்றனர். தங்கள் மொழியில் சொல்வளம் போதவில்லை என்று கருதி நூற்றுக்கணக்கான லத்தீன் சொற்களை ஆங்கில உருவில் புகுத்தினர். இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. எளிய ஆங்கிலச் சொல் இருக்கும்போது படிப்பைக் காட்டிக்கொள்வதற்காக ஆளப்படும் இத்தகைய சொற்களை 'மைக்கொம்புச் சொற்கள்' என்று கேலி செய்தனர். அக்காலத்தில் எழுதுவோர் மையை விலங்குக் கொம்பில் ஊற்றி வைத்திருந்ததால் இப்பெயர் வந்தது. 1553இல் வெளியான தம் சொற்கலை நூலில் தாமஸ் வில்சன் இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார்.

ஃபெஸ்டினேட் என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தோடு வந்ததே. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொற்குடும்பம் இரண்டு இடங்களில் காணப்படுகிறது.

ஒன்று, 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்ற இன்பியல் நாடகம். இதில் ஆர்மாடோ என்ற ஸ்பானியப் பாத்திரம், ஒருவனை விரைவாக அழைத்துவருமாறு தன் பணியாளிடம் கூறும்போது 'ஃபெஸ்டினேட்லி' என்ற வினையடையைப் பயன்படுத்துகிறது. ஆர்மாடோ வாயைத் திறந்தாலே ஆடம்பரச் சொற்கள்தான் வரும். பார்வையாளர்கள் சிரிக்கவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. அக்காலத்திலேயே இச்சொல் சற்றுப் பகட்டாக ஒலித்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

மற்றொன்று, 'கிங் லியர்' என்ற துன்பியல் நாடகத்தின் மூன்றாம் அங்கம். இதில் கார்ன்வால் கோமகன் போருக்கான ஆயத்தங்களை மிக விரைவாகச் செய்யுமாறு செய்தி அனுப்பும்போது 'ஃபெஸ்டினேட்' என்பது பெயரடையாக வருகிறது. 1623ஆம் ஆண்டின் முதல் பெருந்தொகுப்பில் இச்சொல் எழுத்துப் பிழையோடு அச்சாகி, 1632ஆம் ஆண்டின் இரண்டாம் தொகுப்பில் திருத்தம் பெற்றது. அச்சுக் கோப்பவருக்கே பழக்கமில்லாத சொல்லாக இது இருந்திருக்கக்கூடும்.

சொல்லின் வடிவங்கள்

1. ஃபெஸ்டினேட் (வினை): விரைதல், ஒன்றை விரைவுபடுத்துதல். பொதுவழக்கில் அரிது.
2. ஃபெஸ்டினேட் (பெயரடை): விரைவான, அவசரமான. வழக்கொழிந்தது.
3. ஃபெஸ்டினேட்லி (வினையடை): விரைவாக. வழக்கொழிந்தது.
4. ஃபெஸ்டினேஷன் (பெயர்): விரைவு என்ற பொதுப்பொருளில் வழக்கொழிந்தது. மருத்துவப் பொருளில் வழக்கில் உள்ளது.
5. ஃபெஸ்டினேட்டிங் கெய்ட் (தொடர்): பார்க்கின்சன் நோயில் தானாக விரையும் நடை. மருத்துவ வழக்கில் உள்ளது.

இன்றைய ஆங்கிலத்தில் கடிதம், விண்ணப்பம், தேர்வு விடை ஆகியவற்றில் 'விரைந்து செய்க' என்ற பொருளில் இச்சொல்லை எழுதுவது பொருத்தமன்று. படிப்பவருக்குப் புரியாது, புரிந்தாலும் ஆர்மாடோவின் பேச்சைப் போலவே தோன்றும்.

பொதுவழக்கில் மறைந்த காரணம்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் போட்டியிடும்போது, தனக்கென்று தனி வேலை இல்லாத சொல் மெல்ல மறையும். விரைவைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏற்கெனவே பல சொற்கள் இருந்தன. 'ஹை' என்பது பழைய ஆங்கிலச் சொல். இதுவும் இன்று செய்யுள் வழக்காகச் சுருங்கிவிட்டது. 'ஹேஸ்ட்' பிரெஞ்சு மொழி வழியாக வந்து மக்கள் வழக்கில் கலந்தது. 'ஸ்பீட்' என்பதற்கு முதலில் வெற்றி, நற்பேறு என்றே பொருள். பிறகு வேகத்தைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஹரி' என்ற சொல்லும் பரவியது. இத்தனைக்கும் நடுவில் ஃபெஸ்டினேட் செய்யவேண்டிய வேலை எதுவும் மிஞ்சவில்லை.

இதனுடன் ஒப்பிடத்தக்க லத்தீன் சொற்கள் சில பிழைத்துக்கொண்டன. 'எக்ஸ்பெடைட்' என்ற சொல் காலை விலங்கிலிருந்து விடுவித்தல் என்ற மூலப்பொருளிலிருந்து வந்து, கோப்புகளையும் பணிகளையும் விரைவுபடுத்துவதற்குரிய அலுவலகச் சொல்லாயிற்று. 'ஆக்ஸிலரேட்' இயற்பியலிலும் வாகனங்களிலும் இடம்பிடித்தது. ஃபெஸ்டினேட் சொல்லுக்கு வேலை கிடைத்த இடம் மருத்துவம்.

மருத்துவத்தில் கிடைத்த மறுவாழ்வு

பிரான்ஸ் நாட்டின் மான்ட்பெல்லியரைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சுவா புவாசியே தெ சோவாஜ் (1706 – 1767) நோய்களை வகைப்படுத்தி லத்தீன் மொழியில் எழுதினார். இயல்பாக நடக்க விரும்பும் நோயாளிகள் ஓடும்படி உந்தப்படும் ஒரு நிலையை அவர் குறிப்பிட்டு, அதன் பெயரில் 'ஃபெஸ்டினான்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார்.

லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755 – 1824) 1817இல் 'நடுக்குவாதம் பற்றிய கட்டுரை' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் சோவாஜின் பெயரீட்டையும் எடுத்துக் காட்டினார். பார்க்கின்சன் விவரித்தது ஆறு பேரின் நிலையை. அவர்களில் சிலரைத் தெருவில் கண்டே கவனித்தார். உடல் முன்னோக்கி வளைவதும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதும் இந்நோயின் முக்கிய அடையாளங்கள் என்று அவர் எழுதினார்.

அந்த ஆறு பேரில் ஒருவரைப் பார்க்கின்சன் தொலைவிலிருந்து மட்டுமே பார்த்தார். அம்மனிதரால் ஓட்டமாக அன்றி நகர முடியவில்லை. பணியாள் அவருக்கு முன்னே நின்று இரு தோள்களையும் பிடித்துக்கொள்வார். அம்மனிதர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து உடலைச் சமநிலைக்குக் கொண்டுவருவார். பிறகு அவர் குரல் கொடுத்து ஓடத் தொடங்க, பணியாள் சட்டென்று விலகி முன்னால் ஓடி, ஏறத்தாழ இருபது அடி வைத்தபின் அவர் விழாமல் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்பார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விவரிப்பு, இந்நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்றும் அந்நியமாகத் தோன்றாது.

பிற்காலத்தில் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். நடைக்குரிய ஃபெஸ்டினேஷன் என்ற பெயரும் நரம்பியல் நூல்களில் நிலைத்தது.

இந்நடையில் நிகழ்வது என்ன?

மூளையின் நடுப்பகுதியில் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் உள்ளன. பார்க்கின்சன் நோயில் இவை படிப்படியாக அழிகின்றன. அதனால் உடல் அசைவுகள் மெதுவாவதுடன் அளவிலும் சிறுத்துப் போகின்றன. கையெழுத்து சிறிதாவதும், குரல் மெலிவதும், நடக்கும்போது கைவீச்சு குறைவதும் இதன் விளைவுகளே. காலடியின் நீளமும் இவ்வாறே குறைகிறது.

இத்துடன் உடலும் முன்னோக்கிக் கூனுகிறது. உடலின் எடை பாதங்களுக்கு முன்னால் சென்றுவிடுகிறது. விழாமல் இருக்கக் கால்கள் அந்த எடையை எட்டிப் பிடிக்க வேண்டும். ஆனால் நீண்ட அடி வைக்க இயலாததால், சிறு சிறு அடிகள் வேகவேகமாக விழுகின்றன. அடியின் நீளம் குறையக் குறைய அடிகளின் எண்ணிக்கை கூடுகிறது. சுவரோ கட்டிலோ எதிரில் இருப்பவரோ தடுக்கும்வரை நிற்க முடியாமல் போவதும் உண்டு. சிலருக்கு இதன் முடிவில் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்துவிடும். அப்போது உடல் மட்டும் முன்னால் சென்று விழ நேரிடும். பேச்சிலும் இதே தன்மை ஏற்படுவதுண்டு. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, போகப்போக விரைந்து, குழறிப்போகும்.

பார்ப்பவருக்கு இது வேகமாகத் தெரியும். உண்மையில் அடிகள் பலவாக இருந்தும் கடந்த தூரம் குறைவே. காட்டோ சொன்ன 'பல தொடங்கி எதையும் முடிக்காத' விரைவு இங்கே உடலளவில் நடக்கிறது. காட்டோவின் மனிதர் தம் குணத்தால் அவ்வாறு செய்தார். இந்நோயாளியோ தாம் விரும்பாமலேயே அந்த விரைவுக்கு ஆளாகிறார். 'ஹரி', 'ஹேஸ்ட்' ஆகிய சொற்களில் விரைபவரின் விருப்பம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். விருப்பமில்லாத விரைவைக் குறிக்க மருத்துவர்களுக்குத் தனிச்சொல் தேவைப்பட்டது. பொதுவழக்கு கைவிட்ட பழஞ்சொல் அதற்குப் பயன்பட்டது.

வேறுபாட்டை அறிவதன் பயன்

இந்த வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் பெரியவர் ஒருவர் இவ்வாறு நடக்கும்போது "என்ன அவசரம்? மெதுவாகப் போங்கள்" என்று பிள்ளைகள் அதட்டுவது இயல்பு. அவர் அவசரப்படவில்லை, நிற்க முடியாமல் தவிக்கிறார். இது புரியாதபோது, நோய் ஒருபுறமும் அவச்சொல் மறுபுறமுமாக அவருக்கு இரட்டைத் துன்பம். புரிந்துவிட்டால் செய்யவேண்டியவை வேறாகின்றன.

* 'மெதுவாக' என்பதைவிட 'நில்லுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், இப்போது ஒரு பெரிய அடி வையுங்கள்' என்று படிப்படியாகச் சொல்வது உதவும்.
* தரையில் அடிக்கு அடி இடைவெளி விட்டு ஒட்டிய பட்டைக்கோடுகள், ஒன்று இரண்டு என எண்ணுதல், சீரான தாளம் ஆகியவை பலருக்கு அடியின் நீளத்தையும் ஒழுங்கையும் மீட்டுத் தருகின்றன.
* நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பாமல், சற்று அகல வளைந்து திரும்புவது நல்லது.
* கையைப் பிடித்து முன்னால் இழுக்கக் கூடாது; அது உடலை மேலும் முன்னோக்கித் தள்ளும்.
* நடக்கும்போது பேச்சுக் கொடுப்பதையும் கையில் பொருள்களைக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். கவனம் சிதறினால் நடை மேலும் கெடும்.
* சாதாரணச் சக்கர நடைத்தாங்கி முன்னால் ஓடிவிடக்கூடும். எவ்வகைத் தாங்கி ஏற்றது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மருந்துகள் பலருக்கு நடையை மேம்படுத்துகின்றன. ஆயினும் இந்த விரைவும் உறைவும் மருந்தால் மட்டும் எப்போதும் முழுமையாக அடங்குவதில்லை. இத்தகைய நடை புதிதாகத் தோன்றினால், முதுமை என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

தமிழில் கூறும் முறை

தமிழில் 'ஓட்டமும் நடையுமாக' என்ற அழகிய தொடர் உண்டு. ஆனால் அது ஓரிடத்திற்குப் போய்ச் சேர விரும்பி விரைபவரைக் குறிப்பது. 'விரைநடை' என்றாலும் உடற்பயிற்சிக்காக வேகமாக நடப்பதே நினைவுக்கு வரும். எனவே ஃபெஸ்டினேட்டிங் கெய்ட் என்பதைத் 'தன்வயமற்ற விரைநடை' என்று விளக்கமாகக் கூறுவது பொருளுக்கு நெருங்கியதாகும்.

ஒரு சொல் பொதுவழக்கில் தேய்ந்து, ஒரு மூலையில் மட்டும் வாழ்வதற்குத் தமிழிலும் எடுத்துக்காட்டு உண்டு. பழந்தமிழில் 'கடுகுதல்' என்றால் விரைதல். 'கடு' என்ற அடிக்கு விரைவு என்ற பொருளும் உண்டு. இன்று 'கடுகு' என்றால் தாளிக்கும் கடுகே எவருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இலங்கைத் தமிழர் விரைவுத் தொடருந்தைக் 'கடுகதி' என்றே அழைக்கின்றனர். அங்கே அந்தப் பழைய அடிச்சொல் தொடருந்து நிலையங்களில் நாள்தோறும் ஒலிக்கிறது. ஃபெஸ்டினேட்டின் உறவுச்சொல் நரம்பியல் மருத்துவரின் அறையில் ஒலிக்கிறது.